மாற்றி வைத்த விசை

பயப்படாமல் கேளுங்கள். இதில் பேய் இல்லை, பிசாசு இல்லை, வானத்திலிருந்து எவரும் இறங்கி வரப் போவதும் இல்லை. ஒரே ஒரு விசைப்பலகைதான் இருக்கிறது. அதுவும் மேசைமேல் இல்லை. ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கிறது.

அந்த மனிதர் தாமோதரன். கோபியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'அன்னை ஆப்செட்' என்று கடை வைத்திருந்தவர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் ஊருக்குப் போகும். எல்லாரும் வாயால் சொல்லி இயந்திரத்தை எழுதவைக்கும் காலம் வந்த பிறகும் அவர் கடைக்குக் கூட்டம் குறையவில்லை. காரணம் உண்டு. இயந்திரம் பங்காளிகளின் பெயரை முன்பின்னாகப் போட்டு, மண்டபத்தில் அடிதடியான கதை நாலைந்து இருந்தது. தாமோதரன் கையால் அடித்தால் பெரியப்பா பெயர் பெரியப்பா இடத்தில் இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் கடையிலேயே நாற்காலியோடு சரிந்தார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. இப்போது ஈரோட்டு மீட்பு மையத்தில், ஜன்னலோரக் கட்டிலில், முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்துக் கிடத்தியிருந்தார்கள். கண் திறந்திருக்கும். எதிரே இருப்பது தெரியும், காது கேட்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் கை, கால், நாக்கு, இமை எதுவும் அவர் பேச்சைக் கேட்காது. மூச்சுக்கூட அவருடையது இல்லை. கட்டிலுக்குப் பின்னால் நின்ற இயந்திரம்தான் விட்டு வாங்கியது.

நெற்றியில் ஒரு பட்டை ஒட்டியிருந்தார்கள். விபூதிப் பட்டையைவிடச் சற்று அகலம். அதிலிருந்து வயர்கூட இல்லை. எதிரே ஒரு திரை.

"இது நெனப்பப் படிக்கிற மிஷினு இல்லக்கா," என்று முதல் நாளே சொல்லிவிட்டார் சகாயராஜ். பட்டையை ஒட்டி, திரையைச் சரிசெய்து பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன் அவர். தூத்துக்குடிக்காரர். "வெரல் அசையலன்னாலும் அசைக்கணும்னு உள்ளுக்குள்ள ஒரு உந்தல் எந்திக்கும்லா, அத மட்டுந்தான் இது பிடிக்கும். மனசுக்குள்ள அண்ணாச்சி டைப் அடிச்சாவன்னா திரைல எழுத்து விழும். அவ்வளவுதான்."

தாமோதரனின் மனைவி ரேணுகாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. முப்பது வருஷம் டைப் அடித்த கை. அடிக்காமலா இருக்கும்?

அடித்தது. வந்ததெல்லாம் குப்பை. தலையும் இல்லை, வாலும் இல்லை. சகாயராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணாச்சி எந்தப் பலகையில பழகுனாவ?" என்று கேட்டார். பழைய தட்டச்சு முறை என்றாள் ரேணுகா. "அப்பச் சரி. மிஷினு புதுப் பலகைய வச்சிட்டு இருக்கு, அவுக வெரலு பழைய பலகையத் தேடுது. ஒரே எடத்துல இங்க ஒரு எழுத்து, அங்க வேற எழுத்து," என்று சொல்லிவிட்டு, எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற வரைபடத்தை மாற்றினார். குப்பை நின்றது. அதற்குப் பிறகு திரையில் விழுந்தது இதுதான்:

ஔ

கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் ஔ. அப்புறம் ஒரு தமிழ் எண், ௧. அப்புறம் ஔ, ஔ, ஔ. சாயங்காலம் ஆனால் ஒரு ஃ. ராத்திரி முழுக்க ஒன்றுமில்லை. காலையில் மறுபடி ஔ.

"ஔன்னா என்னுங்க?" என்று ரேணுகா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்பாள். "ஔடதமுங்களா? மருந்து வேணுமுங்களா? எங்கீங்க நோவுது?" பதிலுக்கு இன்னொரு ஔ விழும். 'ஆமாம்' என்கிறதா, 'இல்லை' என்கிறதா, எதைக் கண்டாள் அவள்?

கெடு ஒன்று இருந்தது. அதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பட்டைகள் கொஞ்சம், படுத்துக் கிடப்பவர்கள் அதிகம். அதனால் சர்க்கார் ஒரு குழு வைத்திருந்தது. குழு அவ்வப்போது வந்து கட்டிலருகே உட்காரும். படுத்திருப்பவர் அர்த்தமுள்ள ஒரு சொல்லையாவது மறுபடி மறுபடி திரையில் காட்டினால், பட்டை அவருக்கே. காட்டாவிட்டால் 'சொல்லற்றவர்' என்று எழுதி, பட்டையைக் கழற்றிப் பின்கட்டு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இன்னொன்றும் இருந்தது. படுத்திருப்பவர் 'என்னை விட்டுவிடுங்கள்' என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், குழு அதையும் மறுக்க முடியாது. மூச்சு இயந்திரத்தை நிறுத்த வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

"ஔ மட்டும் வந்தாப் பத்தாதுக்கா," என்றார் சகாயராஜ், தலையைச் சொறிந்துகொண்டு. "ஆனா இது இரைச்சல் மாதிரியும் தெரியல. ஒரே விசைய இம்புட்டு அழுத்தமா யாரும் சும்மா அடிக்க மாட்டாவ. கடையில அவுக மிஷின்ல தனியா ஏதும் மாத்தி வச்சிருந்தாவளா? டைப் அடிக்கிறவங்க செய்வாங்க. அதிகமா வர்ற வரி முழுசையும் ஒரு விசைல போட்டு வச்சிக்கிடுவாங்க. ஒரு தட்டு தட்டுனா வரி முழுசும் விழும்."

மாற்றி வைத்திருந்தார் என்பது ரேணுகாவுக்குத் தெரியும். என்னென்ன என்பது தெரியாது. கடைக் கம்ப்யூட்டர், அவர் சரிந்த அன்றே கூடவே தரையில் விழுந்து செத்துவிட்டது. அந்த விசைகள் தெரிந்த இன்னொரு ஜோடிக் கை இருந்தது. அது சுகந்தியின் கை.

சுகந்தி அன்னை ஆப்செட்டில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்தவள். இரண்டு பேருக்கும் ஒரே வரைபடம். அவர் எழுந்து டீ குடிக்கப் போனால் இவள் அதே வரியிலிருந்து தொடர்வாள். ஒரு நாள் மதியம் சோற்றுக் கேரியரோடு கடைக்கு வந்த ரேணுகா, அவர் பாதி அடித்த பத்திரிகையை அவள் முடிக்கிறதையும், இரண்டு பேரும் எதற்கோ ஒன்றாகச் சிரித்ததையும் பார்த்தாள். வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. "ஒரே பலகைல ரெண்டு பேரும் கைய வெச்சுட்டுக் குடித்தனமே பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுக் கேரியரை வைத்துவிட்டு வந்துவிட்டாள். மறுநாளிலிருந்து சுகந்தி வரவில்லை. தாமோதரன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தை கேட்காததுதான் இத்தனை வருஷமும் ரேணுகாவின் நெஞ்சில் மீன்முள்ளாகக் கிடந்தது.

ஔ என்றால் அவள் பெயராக இருக்குமோ? அந்த நினைப்பும் வந்தது. வராமல் இருக்குமா?

சத்தியமங்கலத்தில், தாலுக்கா ஆபீஸுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையில் சுகந்தி இருந்தாள். தலைமுடி நரைத்துவிட்டது. ரேணுகாவைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"வாங்க்கா. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"டீயெல்லாம் வேண்டாஞ் சுகந்தி. நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்தேன்னு நீ கேட்டாலும் கேப்ப."

"நான் ஏனுங்க கேக்கறேன்? அண்ணனுக்கு எப்பிடிங்க இருக்குது?"

அண்ணன் என்ற சொல்லைக் கேட்டு ரேணுகா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். அந்தச் சொல்லை அன்றைக்கும் அவள் சொல்லித்தான் இருப்பாள். காதில் வாங்கிக்கொண்டது யார்? பிறகு பட்டையைப் பற்றி, குழுவைப் பற்றி, திரையில் விழுகிற எழுத்தைப் பற்றிச் சொன்னாள். சுகந்தி எல்லாவற்றையும் கேட்டாள். ஔ என்று சொன்னபோது மட்டும் அவள் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"நாளைக்கு வர்றனுங்க்கா," என்றாள்.

வந்தாள். வரும்போது ஆரஞ்சு வாங்கி வந்து, அவருக்குக் கொடுக்க முடியாது என்று தெரிந்ததும் பையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "அண்ணா, சுகந்தி வந்திருக்கறனுங்க. கடை நாற்காலி இன்னுங் கிறீச்சுன்னு கத்துதுங்களா?" என்றாள். திரையில் ௧ விழுந்தது.

சுகந்தி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். "அது கல்யாணப் பத்திரிகைங்க்கா. 'நிகழும் மங்களகரமான.' நான் காலைல வந்து உக்காந்தா அண்ணன் மொதல்ல அதத்தான் அடிச்சுக் காட்டுவாரு. குட்மார்னிங் சொல்ற மாதிரி."

சகாயராஜ் மடிக்கணினியை எடுத்து வைத்தார். "ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, ஏத்திருதேன்."

"வாயால கேட்டாத் தெரியாதுங்க. வெரலுக்குத்தான் தெரியும்." அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். விசை இல்லாத மேசையில் விரல்கள் தாமாக ஓடின. "௨. 'தங்கள் வரவை எதிர்நோக்கும்.' ௩. 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி.' ஃ…"

நிறுத்தினாள். "ஃ உங்களுக்குங்க்கா."

"எனக்கா?"

"கடை சாத்தறப்ப உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வருமில்லீங்களா? 'கிளம்பிட்டேன் ரேணு. ஏதாச்சும் வாங்கணுமா?' அத ஒரு விசைல போட்டு வெச்சிருந்தாரு. 'ஏனுங்கண்ணா, பொண்டாட்டிக்கு ஒரு வரி கையால அடிக்க மாட்டீங்களா'ன்னு நான் கேலி பண்ணுவேன். 'நாள் தவறாம அனுப்பறேன் பாரு, அதுக்குத்தான் விசை'ம்பாரு."

ரேணுகா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருஷம் அந்தச் செய்தி வந்தது! அவளும் ஒரே பதிலைத்தான் போடுவாள்: ஒண்ணும் வேண்டாமுங்க, சீக்கிரம் வந்துருங்க. இங்கே, இந்தக் கட்டிலில், சாயங்காலம் ஆனால் விழுந்த ஃ அதுதானா? தினமும் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாரா? ஒரு நாள்கூட அவள் பதில் சொல்லவில்லையே!

"ஔ?" என்று கேட்டார் சகாயராஜ்.

சுகந்தியின் விரல் மேசைமேல் நின்றது. "அத வுட்டர்லாமுங்களா?"

"சொல்லு," என்றாள் ரேணுகா.

"அக்கா…"

"சொல்லு சுகந்தி. எதாயிருந்தாலுஞ் சேரி. உன்ற பேரா இருந்தாலுஞ் சேரி."

சுகந்தி அவளை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா, இரக்கமா என்று சொல்ல முடியாத பார்வை. "என்ற பேரா இருந்திருந்தாத் தேவலீங்க்கா," என்றாள். "கண்ணீர் அஞ்சலிங்க. போஸ்டர் முழுசும் அதுல இருக்குது."

வரைபடத்தை ஏற்றினார்கள். வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. திரையில் கறுப்புக் கட்டம் ஒன்று விரிந்தது. மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே பெயருக்கு ஒரு வெற்றிடம். 'தோற்றம்', 'மறைவு' என்று தேதிக்கு இரண்டு இடம். அடியில் 'துயரில் வாடும்' என்று போட்டு, பெயர்களுக்கு இடம். கட்டம் முடிந்ததும் இன்னொரு கட்டம். அதன்மேல் இன்னொன்று. திரை நிறைந்து வழிந்தது. இத்தனை நாளும் அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் இதுதான் இருந்திருக்கிறது.

முதலில் பேசியது சகாயராஜ். "ரெண்டு விதமாவும் இருக்கலாம்க்கா. என்னிய விட்டுருங்கன்னு கேக்காவன்னும் இருக்கலாம். இல்ல, அதிகம் பழகுன விசை வெறும் பழக்கத்துல துடிக்கவும் துடிக்கலாம். கைய இழந்தவனுக்கு இல்லாத கை அரிக்கும்லா, அது மாதிரி. பட்டைக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியாது."

"பழக்கந்தான்!" என்று சுகந்தி அவசரமாகச் சொன்னாள். "எனக்கே தூக்கத்துல அந்த வெரல் இழுக்குமுங்க. ஊர்ல சாவு குறைச்சலுங்களா? கல்யாணத்தவிட அதுதானுங்க அதிகம் அடிச்சது. பாருங்க, பேர் போடலீங்களே? போஸ்டர்ல பேர் இல்லாம எப்பிடிங்க?"

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கண்ணீர் அஞ்சலியில் இறந்தவர் பெயரைக் கடைசியில்தான் அடிப்பார்கள். மற்றதெல்லாம் முடிந்து, தாமோதரன் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பெயரை அடிப்பார். காரணத்தையும் சுகந்திதான் சொன்னாள். கவுந்தப்பாடியில் ஒரு பெரியவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். மகன்கள் விடிந்தால் நேரம் இருக்காதே என்று முன்கூட்டியே வந்து போஸ்டர் அடித்து வாங்கிப் போனார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்ததோடு விடவில்லை. போஸ்டரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நேரே கடைக்கு வந்து, "ஏப்பா, என்ற போட்டோ நல்லாவே இல்ல, வேற போட்டுக் குடு. பத்திரமா வெச்சுக்கறேன்," என்று நின்றார். கடையே சிரித்தது. தாமோதரன் மட்டும் சிரிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர் பெயரை அந்தக் கட்டத்துக்குள் அடித்துவிட்டோமே என்று அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. அதற்கப்புறம்தான் இந்த வழக்கம்.

"பேர் அடிக்கலீல்ல," என்றாள் ரேணுகா. "அப்பப் பழக்கந்தான்." மறுபடியும் சொன்னாள், "பழக்கந்தான்."

"குழு அப்பிடி எடுத்துக்கிடாதுக்கா," என்றார் சகாயராஜ் மெதுவாக. "அவுக திரையத்தான் பாப்பாவ. இது விழுந்துச்சுன்னா விருப்பம்னு எழுதிருவாவ. வரைபடத்த எடுத்துட்டோம்னா வெறும் ஔ. சொல்லற்றவர்னு எழுதிருவாவ."

ரேணுகா வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது.

"எந்த விசைக்கு என்ன வரோணும்னு சொல்ற உரிமை எனக்கு இருக்குதுங்களா?"

"காப்பாளர் நீங்கதான். நீங்க சொன்னா நான் மாத்தணும்."

"அப்ப ஔக்குத் தண்ணீர்னு போடுங்க."

சகாயராஜ் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா. அண்ணாச்சி திரையப் பாத்துட்டேதான் கெடக்காவ."

"பாக்கட்டும். அவரு எதுக்கு அடிச்சாருன்னு உங்களுக்குத் தெரியலீன்னு நீங்கதான சொன்னீங்க? எனக்குந் தெரியல. தெரியாததுக்கு நான் எப்பிடிங்க அவர அனுப்பறது?"

சுகந்தி ஆரஞ்சுப் பையோடு எழுந்தாள். "வாயடைச்சுக் கெடக்கறவரு கைக்குள்ள கைய விடறீங்க்கா," என்றாள். ஏச்சாகச் சொல்லவில்லை. "நான் குறை சொல்லல. என்ற வீட்டுக்காரரா இருந்தா நானும் இதத்தான் பண்ணியிருப்பேன். ஆனா நிண்டு பாக்க எனக்கு முடியாதுங்க." கட்டிலில் கிடந்தவரின் காலை ஒரு முறை தொட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆரஞ்சைச் சகாயராஜிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

குழு வந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்தது. தலைவி டாக்டர் வசுமதி, நல்ல மனுஷிதான். கட்டிலருகே குனிந்து, "தாமோதரன், நான் சொல்றது கேக்குதா? உங்களுக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

தண்ணீர்.

நர்ஸ் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். மறுபடியும் கேட்டார்கள். தண்ணீர். மறுபடியும் நனைத்தார்கள். தண்ணீர், தண்ணீர். "ரொம்பத் தெளிவா இருக்காரும்மா," என்றார் வசுமதி, ரேணுகாவின் தோளைத் தட்டி. "இவ்வளவு நாளா இந்த மனுஷன் தாகத்தோட கிடந்திருக்கார் பாருங்க." பெங்களூரில் இருந்த மகள் மிருதுளா போனில் ஓவென்று அழுதாள். "அப்பா பேசிட்டாரும்மா! கேக்குதுன்னு தெரிஞ்சுதே, அது போதும்மா!" ரேணுகாவும் அழுதாள். இரண்டு பேர் அழுததற்கும் காரணம் வேறு என்பது ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கஷ்டம். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

திரையில் 'தண்ணீர்' விழும்போதெல்லாம் ரேணுகா பஞ்சை நனைப்பாள். உதட்டில் வைப்பாள். நீர் ஓரமாக வழிந்து கழுத்துக்குப் போகும். துடைப்பாள். அவர் கண் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தான் அடித்தது ஒன்று, விழுந்தது வேறொன்று. முப்பது வருஷம் விசையோடு வாழ்ந்த மனிதருக்கு அது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? புரிந்ததா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் 'தண்ணீர்' குறைந்தது. பிறகு நின்றது. காலையில் ௧ இல்லை. சாயங்காலம் ஃ இல்லை. கடை சாத்தும் நேரம் வரும், போகும். அவள் 'ஒண்ணும் வேண்டாமுங்க, சீக்கிரம் வந்துருங்க' என்ற பதிலைத் தயாராக நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரை வெள்ளையாக இருக்கும்.

"கோவமுங்களா?" என்று கேட்டாள் ஒரு நாள். "பேசுங்க. திட்டவாச்சும் திட்டுங்க."

வரி வரியாகப் பழகிய விரலுக்குத் தனி எழுத்து மலை தூக்குகிற வேலை என்று சகாயராஜ் சொல்லியிருந்தார். உந்தல் அவ்வளவு மெல்லிசாக இருக்குமாம். பட்டை பிடித்தாலும் பிடிக்கும், தவறவிட்டாலும் விடும். அதனால் ஒரு நாள் திரையின் நடுவில் 'தா' என்று விழுந்தபோது ரேணுகா துள்ளி எழுந்தாள். தா என்கிறாரே! எதையோ கேட்கிறார்! ஓடிப் போய்ப் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள்.

மறுநாள் பக்கத்தில் ஒரு 'க' வந்தது. அதற்கப்புறம் தவறான எழுத்து ஒன்று. அதை அழிக்க அவருக்கு ஒரு பொழுது பிடித்தது. அவர் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்ததைப் பட்டைக்குக் கீழே அவள் துடைத்தாள். அசையாத உடம்பில் வேர்வை. எழுத்து எழுத்தாக, அணில் மண் சுமந்த மாதிரி, அவர் அந்தச் சொல்லைக் கட்டி முடித்தார்.

தாகமில்லை.

ரேணுகாவின் கையில் நனைந்த பஞ்சு இருந்தது. அதைக் கிண்ணத்தில் போட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கும்படி திரைக்கும் அவருக்கும் நடுவில் தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"நான்தானுங்க மாத்துனேன்," என்றாள். "டெக்னீசியன் மேல தப்பில்ல. சுகந்தி மேலயும் தப்பில்ல. நீங்க பேர் அடிக்கலீங்களே, அதனால பழக்கந்தான்னு நெனச்சேன். இல்ல… அப்பிடியே நெனச்சுக்கோணும்னு நெனச்சேன்." வேறு என்ன சொல்வது? "பழையபடி வெக்கச் சொல்றனுங்க," என்றாள்.

சகாயராஜ் மறுக்கவில்லை. "அடுத்த தடவ குழு வரும்போது…" என்று ஆரம்பித்தார்.

"தெரியுமுங்க."

விசை பழையபடி ஆயிற்று. கறுப்புக் கட்டம் ஒரே ஒரு முறை விரிந்தது. அடுக்கடுக்காக விழவில்லை. ஒன்றுதான். அந்தக் கட்டத்துக்குள் அவர் வேலையை ஆரம்பித்தார்.

எத்தனை நாள் ஆயிற்று என்று ரேணுகா எண்ணவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. முன்பெல்லாம் வீட்டுக்கு வரும்போது அச்சு எடுத்த தாளைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டுவார். "உன்ற கண்ணு கழுகுக் கண்ணு ரேணு, பிழை பாத்துச் சொல்லு," என்பார். தோசைக்கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே பார்ப்பாள். இப்போதும் பார்த்தாள்.

'தோற்றம்' என்ற இடத்தில் அவருடைய பிறந்த தேதி விழுந்தது. சரியாக இருந்தது. அடியில் 'துயரில் வாடும்' என்பதற்குக் கீழே முதலில் அவள் பெயர். ரேணுகா. அடுத்தது மிருதுளா. மூன்றாவதாக ஒரு பெயர் ஆரம்பித்தது. 'சு' என்று விழுந்ததுமே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெயர் முடியும்வரை கூட இருந்தாள். முள் எதுவும் குத்தவில்லை. ஒரு காலத்தில் இந்த வரியைப் பார்த்துவிட்டு அவள் என்ன செய்திருப்பாள்! இப்போது கால், கொம்பு, புள்ளி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இருந்தது. சத்தியமங்கலத்துக்குப் போன் போட்டு, "உன்ற பேரயும் போட்டிருக்காரு," என்றாள்.

பெயர்கள் முடிந்தன. கட்டத்தில் மேலே வெற்றிடம் காத்திருந்தது. அன்றைக்குக் காலை ரேணுகா, கேட்காமலே, பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒரு முறை வைத்தாள். பெயர் அடிப்பதற்கு முன்னால் அவர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பது வழக்கம் அல்லவா?

கோ. தாமோதரன்.

அதை அடித்து முடிக்க அன்று முழுப்பொழுதும் ஆயிற்று. புள்ளிகூடத் தவறவில்லை. அவள் மேலிருந்து கீழே ஒரு முறை படித்தாள். கீழிருந்து மேலே இன்னொரு முறை படித்தாள். பழைய வழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"எல்லாஞ் சேரியா இருக்குதுங்க. மறைவு தேதி மட்டும் வுட்டுப்போச்சு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. விட்டுப்போகவில்லை. பெயரைக் கடைசியில் அடிக்கிற மனிதர் அதற்குப் பிறகும் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். அவர் கையில் இல்லாத இடம் அது. அதை நிரப்ப வேண்டியவளுக்குக் கழுகுக் கண் என்று அவருக்குத் தெரியும்.

ஜன்னலில் வெயில் தாழ்ந்திருந்தது. கோபி பஸ் ஸ்டாண்டில் இந்நேரம் கடைகளின் ஷட்டர் இறங்குகிற நேரம். கட்டத்துக்குக் கீழே, வெகுநாள் கழித்து, ஒரு வரி ஒரே தட்டில் விழுந்தது.

கிளம்பிட்டேன் ரேணு. ஏதாச்சும் வாங்கணுமா?

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் ஒவ்வொன்றையும் நீவிவிட்டாள். மூச்சு இயந்திரம் விட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் வேண்டாமுங்க," என்றாள்.

எப்போதும் அதோடு சேர்த்துச் சொல்லும் இன்னொன்றுக்காக அவர் காத்திருப்பார் என்று தெரியும். உதடு வரைக்கும் வந்தது. அதை மட்டும் அன்றைக்கு அவள் சொல்லவில்லை.